ஏற்ற உறுதிமொழிக்குக் கணக்குக் கேட்பது எப்படி: சேலம், சேர்வராயன் மலை மக்களுக்கான முழுமையான வழிகாட்டி

சட்டமன்றத்துக்குத் தேர்வான ஒருவர் தன் இருக்கையில் உட்காருவதற்கு முன் உறுதிமொழி ஏற்க வேண்டும். அரசியலமைப்பின் 188-வது உறுப்பு அதைக் கட்டாயமாக்குகிறது. மூன்றாவது அட்டவணையில் உள்ள அந்த வாசகத்தில் கட்சியின் பெயர் இல்லை, தொகுதியின் பெயர்கூட இல்லை. அரசியலமைப்பின் மேல் மாறாத பற்றோடு இருப்பேன், கடமையை உண்மையாக நிறைவேற்றுவேன் என்பதுதான் அதன் சாரம். ஆக, நம் உரிமை ஒன்று மிதிபடும்போது எம்.எல்.ஏ.விடம் போய்க் கேட்பதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. அவர் வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்குத்தான் கணக்குக் கேட்கிறோம்.

கோளாறு, கேட்கும் விதத்தில் இருக்கிறது. "ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தால் "செஞ்சிடலாம்" என்ற பதில் கிடைக்கும். அதோடு இரண்டு தரப்புக்கும் வேலை முடிந்துபோகும். எம்.எல்.ஏ., எம்.பி.யைப் பாதியில் திரும்ப அழைக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. இரண்டு தேர்தல்களுக்கு நடுவே நம் கையில் இருக்கும் பலமான கருவி காகிதம். இன்ன அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, இன்ன தேதிக்குள் இதைச் செய்யுங்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். செய்தார்களா என்பதை ஆவணத்தின் வழியே சரிபார்க்க வேண்டும்.

முதலில், யாரிடம் கேட்பது?

பாதி மனுக்கள் தவறான வாசலில் போய் விழுகின்றன. சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள் இருந்தாலும் எல்லோருக்கும் எம்.பி. ஒருவரே இல்லை. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. மேட்டூர் தருமபுரியிலும் சங்ககிரி நாமக்கல்லிலும் சேர்ந்தவை. மலையில் ஓட்டுப் போடுகிறவர் சேலம் எம்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தால், "எங்க தொகுதி இல்லீங்க" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இரண்டே தொகுதிகள்தான், இன்னொன்று சேந்தமங்கலம். ஆனால் ஏற்காடு தொகுதி மலையோடு முடிவதில்லை. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கம்வரை கீழே இறங்குகிறது. ஓட்டு எண்ணிக்கையில் சமவெளி கனமாக இருப்பதால், மலைக் கிராமங்கள் எழுத்தில் கேட்காத எதுவும் எளிதில் பின்னுக்குப் போய்விடும்.

நகரத்தில் மாநகராட்சிக்கு 60 வார்டுகள், நான்கு மண்டலங்கள்: சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி. சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் கவுன்சிலர், மேயர், ஆணையர் பொறுப்பு. காவல் நிலையத்தில் நடக்கும் அத்துமீறல், தீண்டாமை, பட்டா, அரசுப் பள்ளி, மருத்துவமனை போன்றவை மாநில அரசுடையவை, எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்ப முடிந்தவை. ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, தபால் துறை எம்.பி.யின் பக்கம்.

கிராமங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சேலம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243-இ உறுப்பு. தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் காலத்தில் குடிநீர் மனு தனி அலுவலருக்குப் போகட்டும். தேர்தல் ஏன் நடக்கவில்லை, அதற்காகப் பேரவையில் என்ன பேசினீர்கள் என்ற கேள்வி எம்.எல்.ஏ.வுக்குப் போகட்டும். நம்மை நாமே ஆளும் உரிமை நின்றுபோயிருப்பதை நிர்வாகத் தாமதம் என்று கடந்துவிடக் கூடாது.

குறையை உரிமையாக எழுதுங்கள்

"எங்க ஊருக்கு ரோடு இல்லை" என்பது குறை. அதையே உரிமை, அதற்கான சட்டம், கடமைப்பட்டவர் என்ற மூன்றும் சேர எழுதினால் கோரிக்கை ஆகிறது. மலைக் கிராமச் சாலையை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம்.

உரிமை: மலைப்பகுதி மக்களுக்குப் போக்குவரத்துக்கு ஏற்ற சாலை, 21-வது உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் இமாச்சலப் பிரதேச அரசு எதிர் உமேத் ராம் சர்மா வழக்கில் சொல்லிவிட்டது.

அடுத்து, நிலம் யாருடையது? இதைப் பார்க்காமல் எழுதப்படும் மலைச் சாலை மனுக்கள் வருடக்கணக்கில் சுற்றுகின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) புல வரைபடத்தையும் பார்த்து, பாதை போகும் ஒவ்வொரு சர்வே எண்ணையும் அதன் வகைப்பாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பாதை கொஞ்சம் தூரம் அரசுப் புறம்போக்கிலும், கொஞ்சம் தூரம் காப்புக்காட்டிலும், கொஞ்சம் தூரம் காபி எஸ்டேட்டுக்கு உள்ளேயும் போவது இந்த மலையில் சாதாரணம். மூன்றுக்கும் வழி வேறு வேறு. புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையும் ஊராட்சி ஒன்றியமும் போதும். எஸ்டேட் பட்டா நிலம் என்றால் உரிமையாளர் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் அரசு நிலம் எடுக்க வேண்டும். புல வரைபடத்தில் ஏற்கெனவே வண்டிப்பாதை என்று இருந்தால் வேலை பெரிய அளவில் சுலபம். பாதையை மீட்டுத் தரச் சொன்னால் போதும்.

வன நிலம் என்றால்தான் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். "ஃபாரஸ்ட் விடமாட்டாங்க" என்ற ஒற்றை வரி பல மலைக் கிராமங்களை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்தால் நிலைமை வேறு. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு வன நிலத்தைப் பயன்படுத்த அது வழிவிடுகிறது. நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குள் நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். நாலு மீட்டர் அகலச் சாலை இரண்டரை கிலோமீட்டர் வரை அந்த அளவுக்குள் அடங்கும். மூன்று மீட்டர் அகலமாகக் குறைத்தால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் வரும். இந்தக் கணக்கை மனுவிலேயே போட்டுக் காட்டுங்கள். படிக்கிறவரின் பேனா அங்கே நிற்கும்.

சட்டங்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996 பெசா சட்டம் சேர்வராயன் மலைக்குப் பொருந்தாது. அதை மேற்கோள் காட்டும் மனுவை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். வன உரிமைச் சட்டம் முழுதாகப் பொருந்தும்.

நகரத்துச் சாக்கடைக்கும் இதே முறைதான். "நிதி இல்லை" என்று மாநகராட்சி சொன்னால், 1980 ரட்லம் நகராட்சி வழக்கைச் சுட்டுங்கள். சுகாதாரக் கடமையிலிருந்து தப்பப் பணமில்லை என்பது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு பொதுத்தொல்லைப் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் முன்பு தொடங்கியது. அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152. கவுன்சிலர் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் அந்தப் பிரிவில் மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை.

மனு: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

அரசியலமைப்பின் 350-வது உறுப்பு, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறையீட்டு மனு தரும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம். எம்.எல்.ஏ.வுக்கான மனு ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் சிற்றூரில் ___ குடும்பங்கள் வசிக்கின்றன. வண்டி வரும் சாலை ___ கி.மீ. தொலைவில் உள்ளது. பாதை சர்வே எண் ___ காப்புக்காட்டில் ___ மீட்டர் நீளம் செல்கிறது. தேவைப்படும் நிலம் ___ ஹெக்டேர். வன உரிமைச் சட்டம் 3(2)-ன் கீழ் கிராம சபை ___ தேதியில் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது (நகல் இணைப்பு 1). மாவட்ட வன அலுவலருக்கு ___ தேதியில் விண்ணப்பம் சென்றது (இணைப்பு 2). இதுவரை பதிலில்லை. வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் இது குறித்துக் கேள்வி அறிவிப்புக் கொடுக்குமாறும், தொகுதி மேம்பாட்டு நிதியில் இச்சாலைக்கு ஒதுக்கீடு செய்ய இயலுமா என்பதை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

கேட்டிருப்பது இரண்டே செயல்கள், இரண்டும் எம்.எல்.ஏ. கையில் இருப்பவை. "ஆவன செய்யுமாறு" என்று முடித்தால் ஆவன என்பது என்னவென்று அவரே தீர்மானித்துக்கொள்வார். பத்துக் கோரிக்கையை ஒரே தாளில் அடுக்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறைக்குப் பிரிந்து போகும், கடைசியில் யாரும் பொறுப்பில்லை.

மூன்று நகல் எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் 'பதிவு' என்று கேட்டு வாங்க வேண்டும். அசல் ஆவணத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் நாளிலும், முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதிவு செய்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்தான் பிறகு எல்லாவற்றுக்கும் சாவி.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பரிந்துரை எந்த அதிகாரியையும் கட்டுப்படுத்தாது. பேரவையில் கேட்ட கேள்வி அப்படியில்லை. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

தகவல் உரிமைச் சட்டம்: ஏன் என்று கேட்காதீர்கள்

2005 சட்டத்தின் 6(1) பிரிவில் வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். சட்டம் உரிமையைக் குடிமகனுக்குத்தான் தந்திருக்கிறது, தனி ஆளின் பெயரில் போகட்டும்.

"சாலை ஏன் போடவில்லை?" என்றால் "கருத்துக் கேட்கப்பட்டுள்ளது, தகவல் அல்ல" என்று திரும்பி வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு:

"1. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதியில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியல், மதிப்பீட்டுத் தொகை, நடைபெறும் இடம், முடிவுற்ற தேதி. 2. எங்கள் மனு எண் ___ மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் சான்றிட்ட நகல். 3. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்."

எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.பி. நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் செலவாக வேண்டும். பணம் எந்தெந்தத் தெருவுக்குப் போனது என்ற பட்டியல் கையில் இருந்தால், "நிதி இல்லீங்க" என்ற பேச்சு தானாக அடங்கும். கோப்பைப் பார்வையிடும் கேள்வியை மறக்க வேண்டாம். நகலில் வராத ஓரக்குறிப்புகள் கோப்பில் கண்ணில் படும்.

காலக்கெடுவைச் சுவர் நாட்காட்டியில் எழுதிவையுங்கள். பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் பற்றியதானால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் 6(3)-ன்படி அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கெடு தாண்டிய தகவலுக்கு நகல் கட்டணம் கேட்க முடியாது. தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் உண்டு. நல்ல விண்ணப்பங்கள் பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டதால்தான் வீணாகின்றன.

எம்.எல்.ஏ. உட்கார வேண்டிய நாற்காலிகள்

அதிகம் பேர் தொடாத இடம் இது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-வது விதிப்படி மாவட்டந்தோறும் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கலெக்டர் தலைவர், மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். பதிவான வழக்கு, நிவாரணத் தொகை, விசாரணைத் தாமதம் எல்லாம் அந்த மேசையில்தான் பேசப்பட வேண்டும். டீக்கடையில் தனித் தம்ளர், சுடுகாட்டுப் பாதை மறிப்பு, கோவில் நுழைவு மறுப்பு என 17-வது உறுப்பு தடை செய்த எது நடந்தாலும், அதைக் கேட்கும் பொறுப்புள்ள நாற்காலி உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

மாவட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: கடந்த இரண்டாண்டில் கூட்டம் நடந்த தேதிகள், வருகைப் பதிவேட்டின் நகல், கூட்டக் குறிப்பு. எட்டுக் கூட்டம் நடந்திருக்க வேண்டும். நடந்தது எத்தனை, நம் உறுப்பினர் வந்தது எத்தனை, வாய் திறந்தது எத்தனை என்று ஒரே தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். கோபமாகப் பேசத் தேவையே இல்லை.

எம்.பி. தலைமையில் கூடும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும், அதாவது திஷாவுக்கும், இதே மூன்று ஆவணங்களைக் கேளுங்கள். வன உரிமையில் உட்கோட்ட, மாவட்டக் குழுக்களில் ஊராட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் மும்மூன்று பேருக்கு இடம் உண்டு. ஊராட்சித் தேர்தல் நடக்காத காலத்தில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக் கேட்பது மலைவாசிகளுக்கு மிக அவசியமான கேள்வி.

கிராம சபை, பகுதி சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று. வந்தவுடன் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமலே போகிறது. தீர்மானப் புத்தகத்தில் வாசகம் ஏறி, உரக்க வாசிக்கப்படும்வரை நாலு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வன உரிமை சம்பந்தப்பட்ட கிராம சபைக்குக் கணக்கு வேறு: சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். காபிப்பழம் பறிக்கும் பருவத்தில் பெண்கள் விடிந்தால் எஸ்டேட்டில் இருப்பார்கள். கூட்ட நேரத்தை அதற்கேற்ப மாற்றக் கேளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லை என்ற ஒரே காரணத்தால் தீர்மானமே செல்லாமல் போகும்.

நகரத்தில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் நடக்கின்றன. வார்டு கமிட்டிக்குக் கவுன்சிலர்தான் தலைவர். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று மண்டல அலுவலகத்தில் கேட்டுத் தொடங்குங்கள்.

உள்ளூரில் அசையாவிட்டால்

சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு உண்டு. மாவட்டத்துக்கு வருமுன் கலெக்டர் வழியாக அறிவிப்பு வரும். மனு தமிழில், தேதியிட்டுக் கையெழுத்தோடு, ஐந்து பிரதிகள். பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சனையாகவும் ஒரே துறை சம்பந்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தனிநபர் குறை, பட்டா, ஓய்வூதியம், வேலை, கோர்ட்டில் இருக்கும் விஷயம் எதையும் எடுக்கமாட்டார்கள். ஊர்ச் சாலை, ஆற்றில் கழிவு, பள்ளிக் கட்டடம் போன்றவை இதற்கு நன்றாகப் பொருந்தும். திருமணிமுத்தாறு கரையோரத்து மக்கள் பயன்படுத்த வேண்டிய வாசல் இது.

லஞ்ச ஊழல் என்றால் மட்டும் லோக் ஆயுக்தா. அமைச்சர்களும் எம்.எல்.ஏ.க்களும் அதன் வரம்புக்குள் வருவார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவர். போலீஸ் உள்ளிட்ட அரசு ஊழியர் செய்த மனித உரிமை மீறலுக்கு மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்.

கடைசியாக உயர் நீதிமன்றம். சேலம் மாவட்டத்துக்குச் சென்னை அமர்வு. 226-வது உறுப்பின் கீழ் 'கடமையைச் செய்' என்ற மாண்டமஸ் ஆணை கேட்க, முன்பே எழுதிக் கேட்டும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். இதுவரை சேர்த்த மனு நகல்களும் ஒப்புகைகளும் இங்குதான் ஆதாரமாக நிற்கும். பல வழக்குகளில் "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடு" என்ற அளவில்தான் ஆணை வரும். அதையும் மதிக்காவிட்டால் ஓராண்டுக்குள் அவமதிப்பு மனு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 எண்ணில் அழைக்கலாம், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

தெருவில் இறங்கிக் கேட்பதும் உரிமைதான், 19(1)(ஆ) அதைத் தருகிறது. பொது இடத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. கோட்டை மைதானத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் ஐந்து நாளுக்கு முன்பே காவல்துறைக்கு மனு கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸில் ஆவணம் காட்டும் உண்மையை மட்டும் அச்சடியுங்கள். "ஊழல்வாதி" என்று எழுதினால் அவதூறு வழக்கு வந்து உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். "எட்டில் ஆறு கூட்டத்துக்கு வரவில்லை" என்று எழுதினால் மறுக்க ஆளில்லை.

தேர்தல் நேரத்தில்

நடத்தை விதிகள் அமலுக்கு வந்த நாளிலிருந்து புதுப் பணிக்கு அனுமதி கிடைக்காது, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும் நிற்கும். நிலுவையில் உள்ள மனுக்களுக்கு அதற்கு முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்குகள் இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஏற்கெனவே பதவியில் இருந்தவரென்றால் முந்தைய பத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓட்டுக் கேட்டு ஊருக்குள் வருபவரிடம் தேதியிட்ட ஒரு தாளை நீட்டுங்கள்: சாலை மனு எண், கிராம சபைத் தீர்மான எண், வன அலுவலருக்குப் போன கடிதத்தின் தேதி, பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் இதில் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி. கையெழுத்துப் போடுகிறவரும் இருப்பார், சிரித்துவிட்டுப் போகிறவரும் இருப்பார். யார் எதைச் செய்தார் என்பதை அன்றே கோப்பில் எழுதிவையுங்கள். வென்றவர் உறுதிமொழி ஏற்ற வாரத்திலேயே, அதே எண்களோடு அடுத்த மனு அவர் மேசைக்குப் போகட்டும்.